காருக்கு டயரும் ரிம்மும் மாற்றும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கம்பெனி, என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடுதான் போகிறார்கள். சைஸ், சுமை எண், தயாரிப்புத் தேதி, எந்தச் சக்கரத்தில் மாட்டுவது ஆகியவற்றைக் கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். வண்டி மழையில் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது இவைதான். கீழே உள்ள பதில்களில் உதாரணத்துக்கு மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடும் வண்டி. 14 இன்ச், 15 இன்ச் என இரண்டு சைஸிலும் கம்பெனியே விற்றிருப்பதால் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வசதி.

40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. டயரை மாற்றியே ஆக வேண்டுமா?

கிலோமீட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கு அதே டயர் 50,000 தாண்டியும் உழைக்கும். ஊருக்குள் பிரேக் அடித்து அடித்து ஓட்டி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் பார்க்காமல் விட்டவருக்கு 25,000-லேயே மொட்டையாகிவிடும். மீட்டரைப் பார்ப்பதைவிட, குனிந்து டயரைப் பாருங்கள்.

டயரில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தடவினால் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு தட்டுப்படும். அது எங்கே இருக்கிறது என்று காட்ட டயரின் தோள்பட்டைப் பகுதியில் ஒரு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. டயர் தேய்ந்து மேடும் மேற்பரப்பும் சமமாகிவிட்டால் அதற்குமேல் அந்த டயரில் ஓட்டக் கூடாது. கார்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதுதான்.

ஆனால் 1.6 மி.மீ. என்பது கடைசி எல்லை. புது டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். ஆழம் குறையக் குறைய, தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளும் திறனும் குறைந்துகொண்டே வரும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் ஐப்பசி மழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. வெயில் காலத்தில் அதே டயரில் இன்னும் சில ஆயிரம் கி.மீ. ஓட்டலாம்தான். வடகிழக்குப் பருவமழையில் ஓ.எம்.ஆரிலோ ஜி.எஸ்.டி. ரோட்டிலோ 80-இல் போகும்போது அந்த மிச்சம் பிடித்த பணத்துக்கு மதிப்பில்லை.

தேய்மானம் எதுவும் இல்லாமலே மாற்ற வேண்டிய டயர்களும் உண்டு. பக்கச் சுவரில் முட்டை போல உப்பியிருந்தால் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். நேற்று வாங்கிய டயராக இருந்தாலும் அன்றே கழற்ற வேண்டும். பக்கவாட்டில் வெட்டு, பள்ளத்தின் அடியில் வெடிப்பு, கம்பி வெளியே தெரிவது, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

டயரில் எழுதியிருக்கும் 185/65 ஆர்15 88ஹெச் என்றால் என்ன?

185 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 185-இல் 65 சதவீதம் என்றால் 120 மி.மீ. சொச்சம். ஆர் என்றால் ரேடியல், உள்ளே நூலிழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்காக ஓடும் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

88 என்பது சுமை எண். அது கிலோ அல்ல, ஒரு பட்டியலின் வரிசை எண். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 85 என்றால் 515, 88 என்றால் 560, 91 என்றால் 615. கடைசி எழுத்து வேகக் குறியீடு. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி 190, ஹெச் 210, வி 240.

சைஸைக் கேட்டு வாங்குகிறவர்கள் பலர் ஆர்15-உடன் நிறுத்திக்கொள்கிறார்கள். கடைசி இரண்டு குறிகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே சைஸில் வேறு வேறு சுமை எண்ணோடு டயர்கள் வருகின்றன.

என் காரின் சரியான சைஸை எங்கே பார்ப்பது?

டிரைவர் கதவைத் திறந்தால், கதவு மோதும் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் சைஸ், முன்னால் பின்னால் எவ்வளவு காற்று, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கையேட்டிலும் இருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், குறிப்பாக செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில். முந்தைய ஓனர் ஆசைப்பட்டு எதையோ மாட்டியிருக்கலாம், அதையே நீங்களும் தொடர வேண்டியதில்லை.

கீழ் வேரியன்ட்டில் 14 இன்ச் இரும்பு ரிம். மேல் வேரியன்ட்டின் 15 இன்ச் அலாய் போடலாமா?

போடலாம். மாற்ற வேண்டும் என்று ஆசை இருந்தால் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி இதுதான்.

ஸ்விஃப்டில் கீழ் வேரியன்ட்டுக்கு வந்த சைஸ் 165/80 ஆர்14. பக்கச் சுவர் 165-இல் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்று, 264. ரிம் 14 இன்ச், இன்ச்சுக்கு 25.4 வீதம் 355.6. கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. மேல் வேரியன்ட்டின் 185/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 240.5 கூட்டல் 381, மொத்தம் 621.5. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. ரிம் பெரிதானாலும் பக்கச் சுவர் குட்டையாகிவிடுவதால் வெளி விட்டம் மாறுவதில்லை. கம்பெனி இன்ஜினியர்கள் வேண்டுமென்றே இப்படி வைத்தார்கள். கியர், ஸ்பீடோமீட்டர், ஏ.பி.எஸ். எல்லாம் இந்த விட்டத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

இன்னொரு நல்ல விஷயம்: மேல் வேரியன்ட் அதே சஸ்பென்ஷனில், அதே பாடியில் அந்தச் சக்கரத்தோடு சோதிக்கப்பட்டு வந்திருக்கிறது. உரசுமா, திருப்பும்போது இடிக்குமா என்று நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே தலைமுறை வண்டியா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் ஸ்விஃப்ட் என்பதாலேயே 2008 வண்டியின் சக்கரமும் 2020 வண்டியின் சக்கரமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாகப் போடலாமா?

ஒரு படி போகலாம். 165/80 ஆர்14-க்குப் பதில் 185/70 ஆர்14 போட்டால் விட்டம் 614.6 மி.மீ., ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. பிடிப்பு கூடும். ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும். புது ரிம் வாங்கும் செலவில்லை.

ஆனால் ரிம்மின் அகலம் இடம் கொடுக்க வேண்டும். ரிம்மில் 5ஜே, 5.5ஜே, 6ஜே என்று குத்தியிருக்கும், அதுதான் இன்ச்சில் அகலம். ஒவ்வொரு டயர் சைஸுக்கும் எந்த அகலத்திலிருந்து எந்த அகலம் வரை ரிம் இருக்கலாம் என்று டயர் கம்பெனி பட்டியல் வைத்திருக்கிறது. 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6.5 இன்ச் வரை. குறுகிய ரிம்மில் அகல டயரை அமுக்கி மாட்டினால் டயர் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். ஓரம் தரையில் சரியாகப் படியாது, நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் வண்டி ஆடும். அகலப்படுத்தியதன் பலனே போய்விடும்.

எல்லை எது என்று கேட்டால்: விட்டம் கூடினாலும் குறைந்தாலும் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. நான் 2 சதவீதத்துக்குமேல் போக மாட்டேன். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டாலே 2 சதவீதம் கூடிவிடுகிறது. 205/65 ஆர்15 போட்டால் 647.5 மி.மீ., 4 சதவீதத்துக்கும் மேல். வண்டி உயரமாகத் தெரியும் என்று சிலர் போடுகிறார்கள். முழுக்கத் திருப்பும்போதும், பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கும்போதும் எங்காவது உரச வாய்ப்பு அதிகம்.

விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

காட்டும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்தே மீட்டர் வேகத்தைச் சொல்கிறது. டயர் 4 சதவீதம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 4 சதவீதம் கூடுதல் தூரம் போகும். முன்பு மீட்டர் 100 காட்டியபோது போன வேகத்தைவிட 4 சதவீதம் கூடுதலாகப் போவீர்கள். ஓடிய கிலோமீட்டரும் குறைத்தே பதிவாகும், அதனால் நீங்கள் போடும் மைலேஜ் கணக்கும் தப்பும்.

16 இன்ச், 17 இன்ச் போட்டால் அழகாக இருக்குமே?

இருக்கும், மறுக்கவில்லை. ஸ்விஃப்டில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9 மி.மீ., கணக்குச் சரியாகவே வருகிறது. கணக்கில் வராத ஒன்று பக்கச் சுவர். 165/80-இல் 132 மி.மீ. இருந்த ரப்பர், 195/55-இல் 107 ஆகிவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குவது அந்த ரப்பர்தான். அது குறைந்தால் அடி ரிம்முக்குப் போகும், ரிம்மிலிருந்து சஸ்பென்ஷனுக்கும் உங்கள் முதுகுக்கும் போகும். நம் ஊரில் குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மழைநீர் நிற்கும்போது அவை கண்ணுக்கும் தெரியாது. இரும்பு ரிம் அடி வாங்கினால் நெளியும், தட்டி எடுக்கலாம். அலாய் கீறல் விட்டால் மாற்றுவதே சரி. வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்வார்கள், அந்தச் சக்கரத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

தவிர, பெரிய ரிம் பெரும்பாலும் கனமும் கூடியது. கனம் கூடினால் எடுப்பு மந்தமாகும், பிரேக்குக்கும் வேலை கூடும். அடுத்த முறை டயர் வாங்கும்போது 16 இன்ச்சுக்கு 15-ஐவிட நிறையவே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், எல்லாக் கடையிலும் ஸ்டாக்கும் இருக்காது. அந்தப் பணத்துக்கு கம்பெனி சைஸிலேயே இருக்கும் சிறந்த டயர் நான்கை வாங்கினால் மழைப் பிடிப்பு, சத்தம், சொகுசு மூன்றும் கூடும். ரிம்முக்குச் செலவழிக்கும் முன் டயருக்குச் செலவழியுங்கள்.

வெளியில் அலாய் வாங்குகிறேன். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

முதலில் பி.சி.டி. நட்டு மாட்டும் ஓட்டைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது. ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் 4 ஓட்டை, 100 மி.மீ. ஃபோர்டு ஃபிகோ 4 ஓட்டை, 108. க்ரெட்டா, இன்னோவா 5 ஓட்டை, 114.3. ஃபியட் புன்ட்டோ 4 ஓட்டை, 98. இந்த 98-தான் ஆபத்தானது. 100 மி.மீ. ஹப்பில் (வண்டியில் சக்கரம் பதிந்து உட்காரும் நடுப்பகுதி) 98 மி.மீ. சக்கரம் ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். நட்டும் ஏறும், இறுகியது போலவும் இருக்கும். ஆனால் நட்டின் கூம்பு ஓட்டையில் முழுதாகப் படியாமல் ஒரு பக்கமாகத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும், நட்டு ஏறும் ஸ்டட் ஒடியும். கையால் நான்கு நட்டையும் சுழற்றிவிட்டால் தடையில்லாமல் கடைசி வரை போய் உட்கார வேண்டும். ஸ்பேனர் போட்டு இழுத்தால்தான் உட்காருகிறது என்றால் அந்தச் சக்கரத்தை வாங்காதீர்கள்.

அடுத்தது நடு ஓட்டை. ஸ்விஃப்ட் ஹப்புக்கு 54.1 மி.மீ. கடையில் விற்கும் அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அப்போது இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது, 80-க்குமேல் ஸ்டீயரிங் உதறும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்தினாலும்) போகாத உதறலுக்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது ஆஃப்செட், அதாவது ஹப்பில் பதியும் முகம் ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மில் இ.டி. 45, இ.டி. 35 என்று குத்தியிருக்கும். அகலம் ஒன்றாக இருந்து, இ.டி. 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். அகலமாக நிற்பது பார்க்கக் கெத்தாகத் தெரியும். ஆனால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஃபெண்டரில் உரசலாம், கல்லும் சேறும் பாடியில் தெறிக்கும்.

நட்டு: இரும்பு ரிம்மின் நட்டு அலாய்க்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சிலது கூம்பு, சிலது உருண்டை. ரிம்முக்கு ஏற்றதைச் சேர்த்து வாங்குங்கள். ரிம்மின் பின்பக்கம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும், எவ்வளவு சுமை தாங்கும் என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முத்திரையும் இல்லாத சக்கரம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

சுமை எண்ணோ வேகக் குறியீடோ கொஞ்சம் குறைந்தால் என்ன? நான் 100-க்குமேல் போவதே இல்லை.

சுமை எண்ணில் ஒரு புள்ளிகூடக் குறைக்க வேண்டாம். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், மே மாத வெயில், திருச்சி நெடுஞ்சாலை. டயர் வெடிப்பது இப்படிப்பட்ட நாளில்தான். கூடுதலாக இருந்தால் தப்பில்லை.

வேகக் குறியீடு வெறும் வேகத்துக்கு மட்டுமல்ல, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வது. அதையும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறக்காதீர்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரியால் வண்டியின் எடை கூடுதல், அதே பெயருள்ள பெட்ரோல் மாடலின் டயரை யோசிக்காமல் மாட்டக் கூடாது.

டயர் எப்போது தயாரானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டிருக்கலாம், அதனால் மாட்டிய பிறகு தேடினால் உள்பக்கம் போயிருக்கும். ரிம்மில் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது. ஒரு வருடம் வரை நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயரில் பெரிய குறை இருக்காது. அதைத் தாண்டியது என்றால் வேறு கேளுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மாட்டி 5 வருடம் ஆனபின் வருடத்துக்கு ஒரு முறை நல்ல கடையில் காட்டுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தாலும், தயாரித்து 10 வருடம் ஆனதை ஓட்டக் கூடாது என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. வருடம் முழுக்க வெயிலில் நிறுத்தும் வண்டிக்கு நான் 6 வருடத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதிகம் ஓடாத வண்டிகளில் டயர் தேயாமலே கிழடாகிவிடுகிறது, வீட்டில் ஓய்வுபெற்ற அப்பாவின் வண்டியை ஒரு முறை பாருங்கள்.

எந்த பிராண்ட் வாங்கலாம்?

ஒரே பெயரைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கம்பெனியிலும் நீண்ட உழைப்புக்கு ஒரு மாடல், மைலேஜுக்கு ஒன்று, சத்தமின்மைக்கு ஒன்று என்று இருக்கிறது. கம்பெனிப் பெயரோடு மாடல் பெயரையும் கேட்டு வாங்க வேண்டும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரச் சாலையில் பிடிப்பு கொஞ்சம் குறையலாம். மென்மையானது பிடிக்கும், சீக்கிரம் தேயும். எது வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்துக்கொண்டு போனால் கடைக்காரரும் சரியானதை எடுத்துத் தருவார்.

உள்நாட்டு டயர் மட்டம் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். சென்னையில் பிறந்த கம்பெனி. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியது. அரக்கோணத்தில் அதன் ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., அதன் அருகே சியட் என்று தமிழ்நாட்டிலேயே டயர் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால் சில வெளிநாட்டு மாடல்கள் எல்லா சைஸிலும் கிடைப்பதில்லை. அதற்காகக் காத்திருந்து மொட்டை டயரில் ஓட்ட வேண்டாம்.

எந்த டயரானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். கார் டயருக்கான தரம் ஐ.எஸ். 15633. எரிபொருள் சிக்கனத்துக்கான ஸ்டார் லேபிள் ஒட்டியிருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. புதியதை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பின்னால். பல கடைகளில் மாற்றிச் சொல்வார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்னால் போடு என்பவர்கள் சொல்லும் காரணம்: இன்ஜின் முன்சக்கரத்தை இழுக்கிறது, திருப்புவதும் முன்சக்கரம், பிரேக்கும் அங்கேதான் அதிகம், ஆகவே நல்ல டயர் அங்கே இருக்க வேண்டும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரத்தில் பிடிப்பு போகும்போது நடப்பதைப் பாருங்கள். முன்சக்கரம் தண்ணீரில் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், வண்டி திரும்பாமல் நேராகப் போகும். கையில் உடனே தெரியும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். சாதாரண ஓட்டுநரும் இயல்பாக அதைத்தான் செய்வார். பின்சக்கரம் மிதந்தாலோ முன்னெச்சரிக்கையே கிடையாது. வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு சுற்றிவிடும். பயத்தில் காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகி, இன்னும் வேகமாகச் சுற்றும். அதைத் திருத்தி ஓட்டுவது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். முன்சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா என்பது இதில் விஷயமே இல்லை.

ஆகவே புது ஜோடியைப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்த பாதி தேய்ந்த ஜோடியை முன்னால் கொண்டு வாருங்கள். முன்னால் வருவதிலும் பள்ளம் 3 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கையும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரே அச்சில் இடது ஒரு மாடல், வலது ஒரு மாடல் என்று போடவே கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது, விட்டம் வேறுபட்டால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்கு வீண் சுமை.

ஸ்டெப்னியை என்ன செய்வது?

சைஸ் மாற்றினால் ஸ்டெப்னியின் விட்டமும் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும். 14-லிருந்து 15-க்குப் போனவர் பழைய 165/80-ஐ ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம், விட்டம் ஒன்றுதானே. ஆனால் அகலம் வேறு என்பதால் பஞ்சர் கடை வரைக்கும்தான், நிதானமாக. இரும்பு ரிம்முக்கான நட்டு நான்கையும் டிக்கியில் போட்டு வையுங்கள். சில புது வண்டிகளில் ஸ்டெப்னியே வராது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி தளர்த்தப்பட்டது.

கடையில் மாட்டும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிப்பது?

டீ குடிக்கப் போகாமல் நில்லுங்கள். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். துருவும் பழைய ரப்பரும் அப்பியிருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மெதுவாகக் காற்று இறங்குவதற்கு இது பெரிய காரணம். ரப்பர் வால்வு நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அது பெரிய செலவில்லை. டயரில் ரொட்டேஷன் என்று அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சுற்றும் திசையில் இருக்க வேண்டும். அவுட்சைடு என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே.

பேலன்ஸிங் மெஷினில் ஈயம் ஒட்டியபின் மறுபடி சுற்றவிட்டு இரண்டு பக்கமும் சைபர் காட்டுகிறதா என்று பாருங்கள். முதல் சுற்றிலேயே நிறைய எடை கேட்டால் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். நட்டை ஏர் கன்னால் தடதடவென்று முழுக்க ஏற்றக் கூடாது. எதிரெதிராக மாற்றி மாற்றி ஏற்றி, கடைசி இறுக்கத்தை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியபின் ஒரு முறை சரிபாருங்கள், அலாய் என்றால் மறக்கவே வேண்டாம்.

அப்புறம் அலைன்மென்ட். பழைய டயர் ஓரம் தின்றிருந்தால் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயரை மாட்டுவது வீண். முதல் 200 கி.மீ. கடும் பிரேக், வேகமான வளைவு வேண்டாம். தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசிய வழவழப்பு டயரின் மேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது தேய்ந்து போக வேண்டும்.

காற்று எவ்வளவு? நைட்ரஜன் அவசியமா?

கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவு, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. வேரியன்ட் மாறிய சைஸ் போட்டால் அந்த வேரியன்ட்டின் அளவு. டயரின் பக்கச் சுவரில் 44 பி.எஸ்.ஐ., 51 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பது டயர் தாங்கும் உச்சம், நீங்கள் அடிக்க வேண்டிய அளவல்ல.

வெயிலில் ஓடிச் சூடானால் 3, 4 பி.எஸ்.ஐ. ஏறும். அதைக் கணக்கில் வைத்தே கம்பெனி அளவு சொல்லியிருக்கிறது. நெடுஞ்சாலைக்குப் போகிறோம் என்று காற்றைக் குறைப்பது மிகத் தவறான பழக்கம். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரியும், அந்த அசைவிலேயே சூடேறி வெடிக்கும். நைட்ரஜன் போடுவதில் தப்பில்லை, கொஞ்சம் மெதுவாக இறங்கும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை அளவு பார்ப்பது அதைவிடப் பெரிய பலன் தரும்.

செகண்ட் ஹேண்ட் டயர், ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) வாங்கலாமா?

காருக்கு இரண்டும் வேண்டாம். பழைய டயர் எந்தப் பள்ளத்தில் விழுந்தது, காற்றில்லாமல் எத்தனை தூரம் ஓடியது என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஷோரூமில் புது வண்டி எடுத்த அன்றே பெரிய சைஸுக்கு மாற்றியவர்கள் விட்டுச் சென்ற, ஓடாத டயர் செட் சில கடைகளில் கிடைக்கும். தேதி பார்த்து, ரப்பர் முடி உதிராமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் அது மட்டும் நல்ல லாபம்.

சைஸ் மாற்றினால் போலீஸ், இன்ஷூரன்ஸ் பிரச்சினை வருமா?

கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸ் என்றால் உங்கள் தரப்பு வலுவாக இருக்கும். ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விலையுயர்ந்த அலாய் என்றால் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரண பாலிசியில் டயருக்கு மட்டும் சேதம் என்றால் பணம் வராது. விபத்தில் வண்டியோடு சேர்ந்து சேதமானால்தான் வரும், அதுவும் டயர் விலையில் பாதிதான்.

பில்லில் நான்கு டயரின் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். தயாரிப்புக் குறை என்று வாரன்டி கேட்கப் போகும்போது டீலர் முதலில் கேட்பது அதைத்தான்.